வாய் நிறையப் பிள்ளைகள்

அந்தக் காலத்தில், பேச்சும் கூச்சலும் போக, வாய் செய்கிற வேலைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு சொல்தான் இருந்தது. தின்பது. மாடு புல்லைத் தின்றது. அணில் கொட்டையைத் தின்றது. பசு தன் கன்றின் முதுகை நாக்கால் தடவிக் கொடுத்தால் அதற்கும் 'பசு கன்றைத் தின்கிறது' என்றுதான் சொன்னார்கள். பூனை குட்டியின் பிடரியைப் பல்லில் பிடித்து மேட்டுக்குக் கொண்டு போனாலும் அதே சொல்தான்.

அப்போது விலங்கும் பறவையும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசி வந்தார்கள். ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளினார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நன்றாகவே தள்ளினார்கள். கன்றும் பசுவும் கண்ணெதிரே நிற்கும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். பார்க்கிறவனுக்கு ஒரு சொல் போதும். தூரத்தில் இருந்து கேட்கிறவனைப் பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை.

அங்கே ஓர் ஆறு ஓடியது. ஆற்றின் வளைவில் ஆழமான ஒரு மடு. மடுவில் ஒரு முதலை இருந்தாள். மடுவை ஒட்டிய மணலில் நாச்சாயி என்பவள் கோடைக்குக் கோடை வெள்ளரி போடுவாள். அவள் புருஷன் பொன்னான் அதே துறையில் பரிசல் ஓட்டினான். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. அதற்கு எட்டு மாதம்.

நாச்சாயிக்கும் முதலைக்கும் நல்ல பழக்கம். நாச்சாயி வெள்ளரிக்குத் தண்ணீர் ஊற்றப் போகும்போது குழந்தையை முதலையின் பக்கத்தில், புன்னை மர நிழலில் போட்டுவிட்டுப் போவாள்.

"அக்கா, கொழந்தையக் கொஞ்சம் பாத்துக்கோங்க."

"நீ போ அம்மிணி. நானு பாத்துக்கறேன்."

முதலை வாலை வளைத்து ஒரு வேலி போல வைத்துக்கொள்வாள். குழந்தை அதைத் தாண்டித் தவழ முடியாது. திரும்பி வந்ததும் நாச்சாயி குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு கன்னத்திலும் கழுத்திலும் உதட்டை வைத்து எடுப்பாள். பரிசலில் இருந்து பொன்னான் சத்தம் போடுவான்.

"ஏம்புள்ள, இப்பிடித் தின்னுட்டே இருந்தா அவ எப்பத் தூங்கறது?"

அதற்கும் அதே சொல்தான்.

அந்த வருஷம் முதலை மணல்மேட்டில் குழி பறித்து முட்டையிட்டாள். மூடிவிட்டு வந்து நாச்சாயியிடம் சொன்னாள்.

"அந்தப் பக்கம் காலு வெக்காத அம்மிணி. என்ற புள்ளைக தூங்குதுக."

நாச்சாயி காலை வைக்காததோடு நிற்கவில்லை. உடைமுள் வெட்டி வந்து மேட்டைச் சுற்றிப் போட்டாள். நாயோ நரியோ கிளறிவிடக் கூடாது என்ற அக்கறை அவளுக்கு. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவள்.

அந்தக் கதையையும் சொல்லிவிட வேண்டும். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஆற்றின் மேல்பக்கம் இருந்து ஒரு நாரை 'தண்ணி வருது' என்று கத்தியது. அதைக் கேட்டது முயல். கேட்ட கையோடு கீழே இருப்பவர்களுக்குச் சொல்லியிருக்கலாம். அதற்குள் அதற்கு ஒரு சந்தேகம். "பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று மேலே ஓடியது. முயல் திரும்பி வரவில்லை. வந்த வெள்ளத்தில் வெள்ளரிக் காவலுக்குப் போட்ட பந்தலும் போயிற்று. பந்தல் நிழலில் தூங்கிக்கொண்டிருந்த நாச்சாயியின் மூத்த மகனும் போனான்.

அதற்குப் பிறகு ஆற்றங்கரை முழுக்கக் கூடி ஒரு கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். அதற்குக் கூவல் என்று பெயர். ஒருவர் ஆபத்தைக் கண்டு கூவினால், கேட்டவர் கேட்டபடியே அடுத்தவருக்குக் கூவ வேண்டும். ஒரு சொல் கூட்டக் கூடாது, ஒரு சொல் குறைக்கக் கூடாது. நின்று பார்க்கக் கூடாது. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு உதவிக்கு ஓட வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டுக்காக எல்லாரையும்விட உறுதியாக நின்றவள் நாச்சாயி. கூவல் இரண்டு முறை ஊரைக் காப்பாற்றியும் இருந்தது. ஒரு முறை சிறுத்தையிடமிருந்து, இன்னொரு முறை நாணல் தீப்பிடித்தபோது. ஆகையால் அதைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

முதல் கூவலுக்கு ஆள்காட்டிக் குருவியை வைத்திருந்தார்கள். மணலிலேயே முட்டையிட்டு மணலிலேயே குடியிருக்கும் பறவை. நீண்ட கால், மூக்கடியில் சிவப்புத் தோல், எதைக் கண்டாலும் பதறுகிற சுபாவம். இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா? அதற்கு அதில் பெருமையும் உண்டு.

வைகாசி மாதம். உச்சி வெயில். மணலில் கால் வைத்தால் தோல் உரிந்துவிடும். நாச்சாயி குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஒரு கூடை வெள்ளரியோடு பரிசலில் அக்கரைக்குப் போயிருந்தாள். ஆள்காட்டி தன் முட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. அதற்கு அதுதான் முதல் ஈடு, அதற்கு முன் அது முட்டையிட்டதில்லை.

அப்போது மணலுக்கு அடியில் இருந்து சின்னச் சின்னதாக ஒரு சத்தம் வந்தது. விக்கல் மாதிரி. ஒன்று, இரண்டு, அப்புறம் நிறைய.

மடுவில் இருந்து முதலை ஏறி வந்தாள். அவள் அப்படி வேகமாக வந்து ஆள்காட்டி பார்த்ததில்லை. முள் வேலியை மார்பாலேயே தள்ளினாள். முள் குத்தியதை அவள் பொருட்படுத்தவில்லை. முன்னங்காலால் மணலைப் பறித்தாள். உள்ளே முட்டைகள் உடைந்து குஞ்சுகள் தலையை நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு விரல் அளவு தடிமன்.

முதலை வாயைத் திறந்தாள். முதல் குஞ்சை வாய்க்குள் எடுத்தாள். அடுத்ததை எடுத்தாள். அதற்கும் அடுத்ததை.

ஆள்காட்டி அதைப் பார்த்தது. பெற்றவள், தான் பெற்றதை, பிறந்த நிமிஷத்திலேயே! அதன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் கத்தித்தான் இருப்பேன். அது எழும்பிப் பறந்து, தொண்டை கிழியக் கத்தியது.

"முதலை தன் புள்ளைகளத் தின்னுது! தன் புள்ளைகளத் தின்னுது!"

மைனா கேட்டது. கேட்டபடியே கூவியது. அரச மரத்துக் குரங்குகள் கேட்டு, கேட்டபடியே கூவின. துறையில் படுத்திருந்த நாய் கூவியது. அந்தச் சொல் ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போனபோது அதில் ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. கட்டுப்பாடு அவ்வளவு ஒழுங்காக நடந்தது.

நாச்சாயி கூடையைக் கீழே போட்டாள். வெள்ளரி உருண்டு ஆற்றுக்குள் போயிற்று. நேற்றுக்கூடக் குழந்தையை அந்த வாலுக்குள் போட்டுவிட்டுப் போனவள் அல்லவா அவள்!

"ஓட்டுங்க, ஓட்டுங்க" என்று புருஷனிடம் கத்தினாள்.

இங்கே முதலைக்கு நடந்தது இதுதான். முட்டை வைத்த மேட்டுக்கும் தண்ணீருக்கும் அறுபது காலடி தூரம். நடுவே கொதிக்கிற மணல். மேலே பருந்து வட்டமிட்டது. குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போக அவளுக்குக் கையா இருக்கிறது? இருப்பது வாய்தான். பதினொரு குஞ்சுகளையும் அதற்குள் எடுத்துக்கொண்டு, பல் எதன்மேலும் பட்டுவிடாமல் தாடையை லேசாக மூடி, அவள் நடந்து வந்தாள். பாதி தூரம் வந்தபோது கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது.

முதல் கல்லைக் குரங்கு எறிந்தது. அப்புறம் யார் எறிந்தார்கள் என்று கணக்கில்லை. ஒரு கல் கண்ணுக்கு மேலே பட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் குஞ்சுகள் நெருப்பு மணலில், கற்களுக்கு நடுவே விழும். திறக்காவிட்டால் பதில் சொல்ல முடியாது. 'ஏன் இப்படிச் செய்கிறாய்' என்று கேட்டுக்கொண்டே அடித்தார்கள். பதில் முழுக்க அவள் வாயில்தான் இருந்தது.

பரிசல் கரை தட்டுவதற்குள் நாச்சாயி இடுப்பளவு தண்ணீரில் குதித்து ஓடி வந்தாள். கையில் பரிசல் துடுப்பு. முதுகில் குழந்தை. அவளைக் கண்டதும் முதலை நின்றாள். இவளுக்குப் புரியும் என்று நினைத்திருப்பாள். தொண்டைக்குள்ளேயே "ம்ம்... ம்ம்..." என்று ஒரு சத்தம் கொடுத்தாள்.

வாய் நிறைய வைத்துக்கொண்டு ருசித்து முனகுகிறாள் என்று நாச்சாயிக்குத் தோன்றியது.

"உங்கள நம்பித்தான என்ற கொழந்தைய விட்டுட்டுப் போனேன்! அடிப் பாவி, உன்ற வயித்துல பொறந்ததையே தின்னுட்டியே!"

பின்னால் ஓடி வந்த பொன்னான் அவள் தோளைப் பிடித்தான். "இரு புள்ள. என்னமோ சரியில்ல. ஒருக்கா நல்லாப் பாத்துக்கலாம்."

"பாத்துட்டு வர்றேன்னு போன மொசலுதான் என்ற பையன வாரிக் குடுத்துது! விடுங்க!"

இரண்டு கையாலும் துடுப்பை ஓங்கி, முதலையின் மூக்கின் மேல் முழு பலத்தோடு போட்டாள்.

தாடை இரண்டும் மோதிய சத்தம் கரை முழுக்கக் கேட்டது.

அதற்கப்புறம் யாரும் கல் எறியவில்லை. ஏன் என்று தெரியாது. அந்தச் சத்தத்தில் ஏதோ இருந்தது. முதலை மெல்ல, மிக மெல்ல, வாயைத் திறந்தாள். உள்ளே இருந்தவற்றில் எட்டு அசையவில்லை. மூன்று உருண்டு மணலில் விழுந்தன. மணல் சுட்டது. மூன்றும் காலை மாற்றி மாற்றி வைத்துத் துடித்தன. தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தன. கல்லும் கம்புமாக அவ்வளவு பேர்.

மூன்றும் ஓடின. தண்ணீருக்கு ஓடவில்லை. மணல்மேட்டுக்கும் ஓடவில்லை. திரும்பித் தாயின் வாய்க்குள்ளேயே ஓடின. அவளுடைய கீழ்ப்பல் வரிசையில் தொற்றி ஏறி, நாக்கின் மேல் போய் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்துகொண்டன.

கூட்டம் கல்லாய் நின்றது. குரங்கின் கையில் இருந்த கல் தானாக நழுவி விழுந்தது. ஒரு நாய் மட்டும், புரியாமல், "ஏன் திரும்பவும் அங்கயே போகுதுக?" என்று கேட்டது. மற்ற எல்லாருக்கும் அந்த நிமிஷத்தில் விளங்கிவிட்டது. விளங்கியதுதான் தாங்க முடியாததாக இருந்தது. நாச்சாயியின் முதுகில் இருந்த குழந்தை வீறிட்டு அழுதது. அதைச் சமாதானம் செய்யவேண்டும் என்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

முதலை அவர்களைக் கடந்து தண்ணீருக்குப் போனாள். வழி விட்டார்கள். தாடையைத் தண்ணீரில் தாழ்த்தி மூன்றையும் நீந்த விட்டாள். அப்புறம் திரும்பி, மிச்சம் எட்டையும் கரையோரம் நாணல் நிழலில், ஒவ்வொன்றாகப் பக்கம் பக்கமாக இறக்கி வைத்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இறங்கியது. பொய்யாக அழுகிறவர்களைப் பார்த்து முதலைக் கண்ணீர் என்று கேலி செய்கிறார்களே, அப்படிச் சொல்கிறவர் யாராவது அன்று அந்த மணலில் நின்றிருக்க வேண்டும்.

அதன் பிறகுதான் அவள் பேசினாள்.

"அம்மிணி, நானு என்ன பண்ணிட்டு இருந்தேன்?"

"தின்னல, அக்கா. நீங்க தின்னல."

"தின்னலீன்னு எனக்குத் தெரியும். பின்ன என்ன பண்ணேன்? சொல்லு."

நாச்சாயி வாயைத் திறந்தாள். அவளிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். அங்கேயும் யாரிடமும் வேறு சொல் இல்லை.

"சொல்லு கெடச்சா வா" என்றாள் முதலை. நாக்கைக் கீழ்த்தாடையோடு ஒட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். அதற்கப்புறம் அவள் குரலை யாரும் கேட்டதில்லை.

பழியைப் போட ஓர் ஆள் வேண்டுமே. எல்லாரும் ஆள்காட்டி மேல் பாய்ந்தார்கள். "நீதான கூவுன!"

ஆள்காட்டி அழுதுகொண்டே சொன்னது: "ஆமா, நாந்தான் கூவுனேன். தூரத்துல இருந்து பாத்தேன், பதறிட்டேன், கூவுனேன். நீங்க பக்கத்துல வந்து பாத்தீங்கல்ல? அவ வாயில ஒரு சொட்டு ரத்தம் இருந்துதா? பாத்துட்டுத்தான அடிச்சீங்க?"

அவர்கள் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றபோதும், காதில் விழுந்ததைத்தான் பார்த்திருந்தார்கள்.

மறுநாள் நாச்சாயி வெள்ளரிக்குத் தண்ணீர் ஊற்றப் போகவில்லை. கூடு கூடாக, பொந்து பொந்தாக, தொழுவம் தொழுவமாகப் போனாள். போன இடத்திலெல்லாம் ஒன்றையே கேட்டாள்.

"உன்ற வாயி என்னென்ன பண்ணுது? செஞ்சு காட்டு."

பூனை குட்டியைத் தூக்கிக் காட்டியது. அதற்குக் கவ்வுவது என்று பெயர் வைத்தாள். பசு கன்றைத் தடவிக் காட்டியது. நக்குவது. கோழி கொத்தியது, அணில் கொறித்தது, பாம்பு விழுங்கியது. எருமைக்குச் செய்து காட்டும் சிரமம்கூட இல்லை, எப்போதும் செய்துகொண்டிருப்பதுதான். அதற்கு அசைபோடுவது என்று ஆயிற்று. கொசு மட்டும் கூப்பிட்டும் வரவில்லை, அதற்கு எங்கேயோ உறிஞ்சுகிற வேலை இருந்ததாம். மெல்வது, சப்புவது, கடிப்பது, மேய்வது என்று பொழுது சாய்வதற்குள் கூடை நிறையச் சொற்கள் சேர்ந்துவிட்டன.

மனிதர்கள் சும்மா இருப்பார்களா? உண்பது, சாப்பிடுவது, அருந்துவது, பருகுவது என்று மரியாதையான சொற்களாகப் பார்த்துத் தங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சாமர்த்தியம் அப்போதே இருந்தது. பொன்னான் தன் குழந்தையின் கன்னத்தைக் காட்டி, "இதுக்கொண்ணு வேணும்" என்றான். அதற்கு முத்தம் கிடைத்தது. கடைசியில் மிஞ்சியது பழைய சொல். தின்பது. அதை யாருமே தொடவில்லை. கரையானும் துருவும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

எல்லாருக்கும் சொல் கிடைத்தது. முதலைக்கு மட்டும் கிடைக்கவில்லை.

பூனை தன்னுடையதைக் கொடுக்க முன்வந்தது. "கவ்வுறதுன்னு சொல்லிக்கோ. புள்ளையத் தூக்கறதுதான ரெண்டும்?"

"நீ பல்லுல புடிக்கற. அவங்க பல்லே படாமப் பாத்துட்டு வந்தாங்க" என்றாள் நாச்சாயி. "நாந்தான் படவெச்சேன்."

பல நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு காலையில் ஆற்றில் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். வழுக்குகிற பிள்ளை. இறுக்கினால் வலிக்கும், விட்டால் ஆற்றோடு போய்விடும். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து, அதில் அதைப் படுக்க வைத்து, தண்ணீருக்கு மேலே பிடித்திருந்தாள். தன் கையையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றாள். அப்புறம் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு மடுவுக்கு ஓடினாள்.

"அக்கா! அக்கா! சொல்லு கெடச்சுருச்சு! நீங்க புள்ளைகள ஏந்திட்டுப் போனீங்க! வாயில ஏந்திட்டுப் போனீங்க!"

மடுவின் நடுவே இரண்டு கண்கள் மேலே வந்தன. முதலை மெல்ல நீந்திக் கரைக்கு வந்தாள். அவள் மூக்கின் மேல் துடுப்பு விழுந்த இடம் இன்னும் ஆறவில்லை. நாச்சாயி மணலில் மண்டியிட்டாள்.

"என்னைய மன்னிச்சிருங்கன்னு கேக்க எனக்கு வாயில்ல. இந்தச் சொல்லத்தான் கொண்டு வந்தேன். ஒரு வார்த்த பேசுங்க அக்கா."

முதலை பேசவில்லை. மணலில் ஏறிப் படுத்து, வாயை அகலமாகத் திறந்தாள். மேல்தாடை வானத்தைப் பார்த்தது. உள்ளே எல்லாம் தெரிந்தது. பல் தெரிந்தது. கீழே ஒட்டிக்கொண்ட நாக்கு தெரிந்தது. வேறு எதுவும் இல்லை. நாச்சாயி பார்த்தாள். பார்த்துவிட்டேன், போதும் என்றாள். முதலை வாயை மூடவில்லை. நாச்சாயி கெஞ்சினாள், அப்போதும் மூடவில்லை. வெயில் ஏறி, இறங்கும் வரைக்கும் அந்த வாய் அப்படியே திறந்திருந்தது.

அன்று முதல்தான் ஆள்காட்டி எதைக் கண்டு கத்தினாலும் அதைக் கேட்டு யாரும் கல்லோடு ஓடுவதில்லை. அன்று முதல்தான் மனிதரைப் பார்த்து 'சாப்பிட்டாயா' என்று கேட்கிறோம், 'தின்றாயா' என்று கேட்டால் சண்டை வருகிறது. அன்று முதல்தான் முதலை, யாரும் கேட்காமலேயே, பகலெல்லாம் கரையில் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு கிடக்கிறது. வைகாசி வெயிலில் மணல்மேட்டில் இருந்து குஞ்சுகளை ஏந்திக்கொண்டு தண்ணீருக்கு இறங்கும் அந்த அறுபது காலடி தூரம் மட்டும்தான் வாயை மெல்ல மூடிக்கொள்கிறது.